பதினைந்தாவது மரம்

பிப்ரவரி 9, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, அறிவியல் கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில், ஓர் ஆய்விதழின் 41ஆம் பக்கம் முதல் 58ஆம் பக்கம் வரை முப்பது பிரதிகள் எடுக்கப்பட்டன. கட்டுரை அணில்களின் மாற்றுக் கூடுகளைப் பற்றியது. எழுதியவர் ஒருவர். 58ஆம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் நான்கு நன்றிகள் இருந்தன. நான்காவது: "கேட்டைத் திறந்துவிட்டு உதவிய நீரேற்று நிலையக் காவலாளிக்கு."

பிரதி எடுத்த பெண் முப்பத்தொன்றாவதாக ஒன்றை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். படத்தில் இருந்த பம்ப் ஹவுஸ் அவளுக்குத் தெரிந்த இடம். அவளுடைய அண்ணி அங்கேதான் வேலை பார்த்தாள். காவலாளியாக அல்ல, பம்ப் ஆபரேட்டராக.

"எப்ப அண்ணி வாட்ச்மேன் ஆனீங்க? ஒரு வார்த்தை சொல்லலியே. விசிலெல்லாம் குடுத்திருக்காங்களா?"

அண்ணி காய்கறி நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பதினெட்டுப் பக்கங்களையும் படித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். நாத்தனார் அடுப்பை அணைத்தாள்.

"இதுல எது உங்களோடது?"

"அந்த நன்றியைத் தவிர எல்லாம்."

அது மிகையில்லை. இரண்டாம் எண் நீரேற்று நிலையத்தின் வளாகத்தில் பதினான்கு மரங்கள் இருந்தன. ஆபரேட்டரின் வேலை, மணிக்கு ஒருமுறை எழுந்துபோய் நான்கு கேஜ்களில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து லாக் புக்கில் எழுதுவது. ஒரு ரீடிங்குக்கும் அடுத்த ரீடிங்குக்கும் நடுவே ஐம்பது நிமிடங்கள் மிஞ்சும். பதினோரு வருடங்களுக்கு முன், பம்ப் துடைக்கும் காட்டன் வேஸ்ட் ஜன்னல் திண்டிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவதை அவள் கவனித்தாள். எடுத்துப்போனது ஓர் அணில். வாய் நிறையப் பஞ்சைத் திணித்துக்கொண்டு, முன்கால்களால் உள்ளே தள்ளிச் சரிசெய்துகொண்டு, ஏழாம் மரத்துக்கு ஓடியது.

அடுத்த நாள் அவள் பஞ்சை மையில் நனைத்து உலர்த்தினாள். வடக்கு ஜன்னலில் நீலம், கிழக்கில் சிவப்பு, மேற்கில் பச்சை. ஒவ்வோர் அணிலும் தனக்கென்று ஒரு ஜன்னலை வைத்திருந்தது; மற்றதன் ஜன்னலுக்கு வந்தால் வாலை அடித்துச் சண்டை போட்டது. ஆகவே எந்தக் கூட்டில் எந்த நிறம் எட்டிப் பார்க்கிறதோ, அது யார் வீடு என்று தெரிந்துவிடும். மரங்களுக்கு வெள்ளைப் பெயின்ட்டில் எண் போட்டாள். மணிக்கு ஒருமுறை கேஜைப் பார்த்த கையோடு மரங்களையும் பார்த்து, தடித்த அட்டை நோட்டில் எழுதினாள். சினையான அணில் ஒரு கூடு அல்ல, இரண்டு கூடுகளுக்குப் பஞ்சு போடுகிறது. ஒன்றில் ஈனும். மற்றது காலியாகக் கிடக்கும். எறும்பு வந்தாலோ, காகம் கிளையில் உட்கார்ந்து பழகினாலோ, மழையில் கூடு நனைந்தாலோ, குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு இரண்டாவது வீட்டுக்குக் குடிபோகும். அறுபத்தொரு ஈற்றுகளை அவள் பார்த்திருந்தாள். நாற்பத்தெட்டில் குடிமாற்றம் நடந்தது.

பேராசிரியர் வந்தது மூன்று வருடங்களுக்கு முன்பு. குழாய்த் தண்ணீரைச் சோதிக்க மாணவர்களைக் கூட்டிவந்தவர், மேசையில் கிடந்த நோட்டைப் புரட்டினார். பிறகு மாதத்தின் முதல் சனிக்கிழமைதோறும் வந்தார். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு போனார். "நீங்க பண்றது சாதாரண வேலை இல்ல மேடம். உங்க பேர்தான் முதல்ல வரும்" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் வந்த நாட்களையும் அவள் நோட்டின் பின்பக்கத்தில் குறித்திருந்ததால், எந்த இரண்டு நாட்களில் சொன்னார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மார்ச் முதல் சனிக்கிழமை அவர் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார்.

"கட்டுரை வந்திருச்சா சார்?"

"எந்தக் கட்டுரை மேடம்?"

"நம்ம அணில் கட்டுரை."

"ஐயோ, அதெல்லாம் லேசுல வராது. அனுப்பணும், அவங்க திருப்பி அனுப்புவாங்க, மறுபடி அனுப்பணும். வருஷக்கணக்காகும். வந்தா முதல் பிரதி உங்க கையிலதான்."

ஜெராக்ஸ் பிரதி அவருடைய முழங்காலுக்கு நேரே, மேசை இழுப்பறையில் இருந்தது. அவள் டீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஏழு பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் ஃபிட்டர் உள்ளே வந்தார். அவருக்கு நிலையத்தில் வால்வு என்று பெயர். உலகத்தில் எந்தத் தகராறு நடந்தாலும் எங்கேயோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்பார். ஜன்னலுக்கு வெளியே குழாயைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்க வேண்டியதுதானே தங்கச்சி?"

"கேட்டா மன்னிப்புக் கேட்டுருவாரு அண்ணே."

"நல்லதுதானே?"

"மன்னிப்புக் கேட்டுட்டா அப்புறம் நான் என்ன பண்றது?"

வால்வு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இது வேற பிரஷரா இருக்கே" என்றார்.

பேராசிரியர் எப்போதும் ஒரு கேள்வி கேட்பார்: "ஒரே கூட்டில ரெண்டு தாய் சேர்ந்து குட்டி வளர்த்துப் பார்த்திருக்கீங்களா மேடம்?" ஒவ்வொரு தடவையும் அவள் இல்லை என்றுதான் சொன்னாள். அவர் முகம் ஒவ்வொரு தடவையும் வாடியது. அவருக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்கு மூன்று வருடங்களாகத் தெரியும். கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

மார்ச் 21 அன்று, பதினொரு மணி ரீடிங்கை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, நோட்டில் எழுதினாள்: மரம் 15. கூடு 1. நீலம், சிவப்பு இரண்டும். தாய் இரண்டு.

பதினைந்தாம் மரம் என்று ஒன்று கிடையாது.

அந்த நிலையத்தில், பார்க்காமல் எழுதும் எண்ணுக்கு நாற்காலி ரீடிங் என்று பெயர். அவளுக்கு முன்பு இருந்த ஆபரேட்டர் எட்டு மணி நேர ரீடிங்கை ஒரே உட்காரலில் எழுதினார். அன்றைக்கு மோட்டார் எரிந்தது. அவருடைய வேலை போய்த்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. பதினோரு வருடங்களில் லாக் புக்கிலோ அணில் நோட்டிலோ பார்க்காத ஓர் எண்ணை அவள் எழுதியதில்லை. தவறாக எழுதினால் அதற்கும் முறை இருந்தது. சுரண்டக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டால் அந்த வரி செல்லாது. மற்ற வரிகள் செல்லும். அப்படித்தான் எல்லா இன்ஸ்பெக்ஷனிலும் ஒப்புக்கொண்டார்கள்.

நாத்தனார் மட்டும் கேட்டாள். அவள் பகலெல்லாம் ஜெராக்ஸ் கடையில் ஆய்வேடுகளை பைண்டிங் செய்பவள்.

"பொய்யை அந்த நோட்டுலயே ஏன் அண்ணி எழுதறீங்க? தனியா ஒண்ணு போடுங்களேன்."

"அவருக்கு இந்த நோட்டுதான் பழக்கம். புதுசா ஒண்ணைக் காட்டினா மூக்கு வேர்க்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வேலை முடிஞ்சதும் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேன். தீர்ந்துது."

"உங்க ஆபீஸ்ல தீரும்" என்றாள் நாத்தனார்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை பேராசிரியர் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம்! ரெண்டு தாயா?"

"ஆமா சார். நானும் முதல்ல நம்பல."

"பதினஞ்சாம் மரம் எங்க இருக்கு?"

"பின்னால, சம்ப்பைத் தாண்டி. வாங்க சார், காட்டறேன். கொஞ்சம் சேறா இருக்கும்."

அவர் தன் ஷூவைப் பார்த்தார். "இன்னொரு நாள் பார்த்துக்கலாம். நீங்க எழுதினா அது நான் பார்த்த மாதிரிதானே."

அதற்குப் பிறகு செப்டம்பர் வரை ஒவ்வொரு மாதமும் அவள் கூப்பிட்டாள். மழை இல்லாத மாதத்திலும் கூப்பிட்டாள். மொத்தம் ஆறு தடவை கூப்பிட்டதாக நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஒரு தடவைகூட அவர் எழுந்திருக்கவில்லை.

"எழுந்து வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று வால்வு கேட்டார்.

"மரமே இல்ல சார், சும்மா விளையாட்டுக்குன்னு சொல்லிச் சிரிச்சிருப்பேன். அதோட விட்டிருப்பேன்."

"நிஜமா?"

"தெரியல அண்ணே. அவர்தான் வரலியே."

அவள் பொய்யையும் ஒழுங்காகச் செய்தாள். பதினைந்தாம் மரத்தின் இரு தாய்களுக்கும் எழுந்திருக்கும் நேரம் வேறு வேறு. ஒன்று கூட்டில் இருக்கும்போது மற்றது இரை தேடப் போகும். ஜூனில் பெய்த மழைக்கு இரண்டும் சேர்ந்து ஐந்து குட்டிகளையும் இடம் மாற்றின; சிவப்பு மூன்றைத் தூக்கியது, நீலம் இரண்டை. ஒரு நாள் இரண்டுக்கும் சண்டையும் வந்தது. அதை எழுதிய அன்று அவள் தனியாகச் சிரித்ததை வால்வு பார்த்தார். அக்டோபர் வரை முப்பத்தேழு பதிவுகள். மற்ற பதினான்கு மரங்களையும் அதே நாட்களில், அதே மணிகளில், எப்போதும்போல் நடந்துபோய்ப் பார்த்து எழுதினாள்.

இரண்டாவது கட்டுரை அடுத்த ஆண்டு ஜூனில் வெளிவந்தது. இந்த முறை இதழின் முதல் பக்கத்திலேயே இருந்தது. கல்லூரியின் ஆய்வு மையத்துக்குத் தலைவர் பதவி காலியாக இருந்தது. அதற்கு அவர் பெயர் அடிபட்டது. நாத்தனார் அறுபது பிரதிகள் எடுத்தாள். நன்றிப் பகுதியில் காவலாளிகூட இல்லை.

ஆபரேட்டர் ஆய்விதழின் முகவரிக்கு ஒரு தபால் அட்டை எழுதினாள். இரண்டே வரி. "பக்கம் 6இல் சொல்லப்படும் பதினைந்தாம் மரத்தை நேரில் வந்து பார்க்கவும். வரும்போது கட்டுரை எழுதியவரையும் அழைத்து வரவும்." கீழே பெயர், பதவி, நிலையத்தின் எண்.

ஜூலை 10, சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். இதழின் சார்பில் வந்த சரிபார்ப்பாளர் நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட, அதிகம் பேசாத பெண்மணி. கான்வாஸ் ஷூ போட்டிருந்தார். அதை ஆபரேட்டர் கவனித்தாள். பேராசிரியர் உற்சாகமாக இருந்தார். தபால் அட்டையை அவரிடம் காட்டவில்லை போலிருந்தது. பாராட்டுக்காகத்தான் வருகை என்று நினைத்திருந்தார்.

"இவங்கதான் மேடம் நான் சொன்னவங்க. இந்த இடத்துக்கே இவங்கதான் கண்ணு."

சரிபார்ப்பாளர் ஒன்றிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு மரத்தின் கீழும் நின்று எண்ணைப் பார்த்தார், அண்ணாந்து கூட்டைப் பார்த்தார், கட்டுரையில் பென்சிலால் டிக் அடித்தார். ஏழாம் மரத்தில் ஓர் அணில் பச்சைப் பஞ்சோடு தலைகீழாக இறங்கி, மூவரையும் பார்த்துவிட்டு மறுபக்கம் சுற்றிக்கொண்டது. பதினான்காம் மரத்துக்குப் பிறகு சம்ப் வந்தது. அதைத் தாண்டிக் கழிவுநீர்க் குழியின் கான்கிரீட் மூடி. அதைத் தாண்டிச் சுவர்.

"பதினஞ்சு எங்க?"

பேராசிரியர் சுவரைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். "காட்டுங்க மேடம்" என்றார்.

"நானா சார்? நான் காவலாளிதானே. கேட்டைத் திறந்து விடுவேன். மரம் எங்க இருக்குன்னு எழுதினவங்களுக்குத்தான் தெரியும்."

ஏணியில் நின்றிருந்த வால்வுக்கு இருமல் வந்தது. வெகு நேரம் இருமினார்.

பேராசிரியரின் முகத்தில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காது சிவந்தது. "வெட்டிட்டாங்களா?" என்று கேட்டார். குரல் கீழே போயிருந்தது.

"அப்ப அடிமரம் இருக்கணும்" என்றார் சரிபார்ப்பாளர். குனிந்து கான்கிரீட் மூடியில் பதித்திருந்த வருடத்தைப் படித்தார். அது பத்தொன்பது வருடம் பழையது. "சார், நீங்க இந்த இடத்துக்கு எத்தனை தடவை வந்திருக்கீங்க?"

"மாசாமாசம்."

"இந்த இடத்துக்கு. நீங்க நிக்கிற இடத்துக்கு."

ஆபரேட்டர் சொன்னாள்: "இன்னிக்குத்தான் முதல் தடவை. ஆறு தடவை கூப்பிட்டேன். சேறுன்னு வரல." இன்று அவருடைய ஷூவில் சேறு இருந்தது. இதற்காக அவள் ஒரு வருடமும் நான்கு மாதங்களும் காத்திருந்தாள். அது போதுமானதாக இருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சீராக ஓடத் தொடங்கியதை அவள் உணர்ந்தாள்.

அறைக்குத் திரும்பினார்கள். சரிபார்ப்பாளர் நோட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார்.

"இதை எழுதினது நீங்கதானா?"

"ஆமா."

"பார்த்தா எழுதினீங்க?"

"பதினஞ்சை மட்டும் உட்கார்ந்த இடத்துல எழுதினேன். அவர் எழுந்து பார்க்கிறாரான்னு பார்க்க." முதல் கட்டுரையை இழுப்பறையிலிருந்து எடுத்து, 58ஆம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "இது எதனாலன்னு இதுல இருக்கு. இருங்க, அதையெல்லாம் அடிச்சுக் குடுத்துடறேன்."

ஸ்கேலை வைத்து முதல் வரிக்குக் கோடு போட்டாள். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. இரண்டாவது வரி. மூன்றாவது. சரிபார்ப்பாளர் ஐந்தாவது வரி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்ததெல்லாம்?"

"பார்த்து எழுதினது. பதினோரு வருஷம்... இப்ப பன்னெண்டு."

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

"நான்தான்."

"அதுதானேம்மா இப்ப இல்ல."

ஸ்கேல் நகரவில்லை. சரிபார்ப்பாளர் கடுமையாகப் பேசவில்லை. "முப்பத்தேழு வரியையும் நானே ஒரு மணி நேரம் படிச்சேன். மழை பெஞ்ச தேதி, குட்டி எண்ணிக்கை, எல்லாம் அவ்வளவு சுத்தமா இருக்கு. பொய்யும் நிஜமும் ஒரே கையெழுத்துல, ஒரே மாதிரி இருக்கு. மரம் இல்லைங்கிறதால இதைக் கண்டுபிடிச்சோம். இருக்கிற மரத்துல நீங்க இப்படி எழுதியிருந்தா?"

"எழுதல."

"நீங்க சொல்றீங்க."

"லாக் புக்ல இப்படித்தான் அடிப்போம். அடிச்சா அந்த வரிதான் போகும்."

"அது தெரியாம செஞ்ச தப்புக்கு."

பேராசிரியர் அதுவரை சுவரோரம் நின்றிருந்தார். இப்போது பேசினார். மேடம் என்று சொல்லவில்லை.

"ரெண்டாவது கட்டுரை போகட்டும். முதல் கட்டுரையில ஒரு பொய் கிடையாது, உங்களுக்கே தெரியும். அதுவும் சேர்ந்துதான் போகும். அதைக் காட்டித்தான் பிப்ரவரியிலேர்ந்து ஜூன் வரைக்கும் இந்த வளாகத்துல கிளை வெட்டக் கூடாதுன்னு தண்ணி போர்டுல உத்தரவு வாங்கினேன். உங்களுக்குச் சொல்லல."

"நீங்க எதைத்தான் சொன்னீங்க?"

"எனக்குப் போனது ரெண்டு கட்டுரை. உங்களுக்கு?"

வால்வு வாசலில் வந்து நின்றிருந்தார். மணி பன்னிரண்டு ஆயிற்று. ஆபரேட்டர் எழுந்துபோய் நான்கு கேஜ்களையும் பார்த்துவிட்டு வந்து லாக் புக்கில் எழுதினாள். பிறகு ஸ்கேலை எடுத்து ஆறாவது வரியிலிருந்து தொடர்ந்தாள். முப்பத்தேழு வரிகளும் முடிய மணி பன்னிரண்டே முக்கால் ஆயிற்று. பேராசிரியர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்.

வீட்டில் நாத்தனார் தட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவர் மூஞ்சி எப்படி இருந்துது அண்ணி?"

"நல்லா இருந்துது."

"உங்க மூஞ்சி நல்லா இல்லியே."

"இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றாள் அண்ணி. வழக்கத்தைவிட அதிகமாகவே சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து கேட்டாள்: "போர்டு உத்தரவுன்னு ஒண்ணு இருக்காமே. அதுக்கு யார் கிட்ட மனு எழுதணும்?"

மனு எழுதினாள். மூன்று எழுதினாள். மூன்றிலும் ஆதாரமாகத் தன் நோட்டையே குறிப்பிட வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் இரு கட்டுரைகளையும் விலக்கிக்கொள்வதாக ஆய்விதழ் அறிவித்தது. அடிப்படைப் பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று காரணம் சொல்லியிருந்தது. ஆய்வு மையத்துக்கு வேறொருவர் தலைவரானார். பேராசிரியர் முதலாண்டு வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துவருகிறார். நவம்பரில் தண்ணீர் போர்டு தன் உத்தரவை ரத்து செய்தது. அவளுடைய மனுக்களுக்குப் பதில் வரவில்லை.

மார்ச் 17 அன்று காலை எட்டு மணிக்கு ஒப்பந்ததாரரின் ஆட்கள் இரண்டு ஏணிகளோடும் ஒரு ரம்பத்தோடும் வந்தார்கள். மூன்று, ஏழு, எட்டு, பன்னிரண்டு எண் மரங்களின் கிளைகள் வெட்டப்பட்டன. விழுந்த கூடுகள் ஆறு. அவற்றில் நான்கில் குட்டிகள் இருந்தன.